பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாத மலை

அந்த மலையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயர் இல்லாமல் என்ன பயணக் கட்டுரை என்று கேட்பார்கள். கேட்கட்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் விக்டோரியா மாநிலமும் முட்டிக்கொள்ளும் கோட்டில், சிட்னிக்காரனுக்கும் எட்டாமல் மெல்போர்ன்காரனுக்கும் எட்டாமல் நிற்கிற ஓர் உயரமான சிகரம். இவ்வளவு போதும். காரணம் கடைசியில் உங்களுக்கே புரியும்.

நான் ஆஸ்திரேலியாவுக்கு மலை ஏறப் போகவில்லை. சோறு பொங்கப் போனேன். பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த வசந்தி, சிட்னியில் கிரவீன் என்ற பகுதியில் குடியிருக்கிறாள். கோயிலுக்குப் போனவள், கார் நிறுத்துமிடத்தில் படி தவறி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். "ஏட்டி கோமதி, நீதான் ரிட்டயர் ஆகிச் சும்மா கெடக்கியே, வந்து எனக்கு ரெண்டு மாசம் சோறு போடேன்" என்று போனில் அழுதாள். தென்காசியில் வகுப்பு வகுப்பாகப் பூகோளம் நடத்தியவள் நான். உலகப்படத்தில் பிரம்பால் தட்டிக் காட்டிய கண்டத்தை நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

அவள் கணவர் நேசன் வன்னிக்காரர், ஒட்டுசுட்டான் பக்கம். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் மனுசர் இருக்கிறாரா இல்லையா என்று அடுக்களைக்குள் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு சத்தமில்லாத ஆள். அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர் தொடங்குவதற்கு முன்னால், கூட்டாளிகளோடு ஏதாவது ஒரு மலை ஏறிவிட்டு வருவார். இந்த வருஷம் ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவர் மகளுக்குப் பரீட்சை, இன்னொருவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். "நான் தனியப் போட்டு வாறன்" என்றார் நேசன்.

வசந்தி என்னைப் படுக்கை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "நீ அவுக கூடப் போட்டி. அவுகளத் தனியா விட்றாத. காட்டுக்குள்ள போனா அவுக ஊமையாயிருவாக. போன வருஷம் இங்க சிட்னிக்குப் பக்கத்துல இருக்க நீலமலைக்குப் போயிட்டு, கூட வந்தவங்க பேரைச் சொல்லிக் கத்துதாங்க, இவுக பாறைக்குப் பின்னால கல்லு மாதிரி உக்காந்திருக்காக. வாயத் திறக்கல. போலீசு வரைக்கும் போயிட்டு. அந்தக் குளிருல ஒரு ராத்திரி வெளிய கெடந்தா ஆளு மிஞ்சுமா? எனக்கு இந்த ஊர்ல அவுகளை விட்டா ஆரு இருக்கா?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூட்டிட்டு வந்து என் கண்ணுல காட்டு. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். குற்றாலத்தில் செண்பகாதேவி அருவி வரை வருஷா வருஷம் ஏறுகிறவள் நான், ஒரு ஆளைக் கூட்டி வருவதா கஷ்டம் என்று நினைத்தேன். என் வாய்க்கொழுப்பு.

மறுநாள் காலை மூன்று பேரும் கிளம்பினோம். மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு வசந்தி பின்சீட்டில். தனியாக வீட்டில் இருக்க மாட்டாளாம், மலையடிவாரத்தில் வாடகைக்கு எடுத்த மரவீட்டில் இருப்பாளாம். பென்டில் ஹில் கடையில் மட்டன் ரோல்ஸ் ஒரு பெட்டி வாங்கினோம். இறைச்சியை வெளியே எடுத்துப்போகும்போது காத்துக் கருப்பு அண்டாமல் இருக்கக் கரித்துண்டு வைக்க வேண்டுமே, கிரவீனில் கரிக்கு எங்கே போவது? பார்பெக்யூ மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள் வசந்தி. நான் சிரித்தேன். "சிரிக்காதட்டி, எந்த ஊரானாலும் காடு காடுதான்" என்றாள்.

அந்த நாட்டில் சாலையைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது, ஒன்றைத் தவிர. மனுசரைக் காணோம். தென்காசியிலிருந்து திருநெல்வேலி போவதற்குள் எத்தனை டீக்கடை, எத்தனை ஆடு, எத்தனை கல்யாண வேன்! இங்கே புல், வேலி, புல், வேலி. கூமா என்ற ஊரில் இறங்கி இறைச்சி அடைத்த 'பை' என்கிற பலகாரம் ஒன்று சாப்பிட்டேன். மேலே தக்காளி சாஸைப் பிழிந்து கொடுக்கிறார்கள். உள்ளே இருக்கிற குழம்பில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, நாக்கைச் சுடுகிற வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தது.

கூமா தாண்டிச் சரளைச் சாலை தொடங்கியதும் டயர் பஞ்சர். ஜாக்கி சரளையில் நழுவி நழுவி விழுந்தது. நேசன் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார், எனக்குத்தான் பொறுமை போயிற்று. நல்லவேளை, பின்பக்கத்தில் இரண்டு நாய்களை ஏற்றிய வண்டியில் ஒரு விவசாயி வந்து நின்றார். ஒரு பலகைத் துண்டை அடியில் போட்டுக் கண்மூடித் திறப்பதற்குள் டயரை மாற்றிவிட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மலையின் பெயரைச் சொன்னேன். தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"அங்கே போன் வேலை செய்யாது. நெருப்பு வந்து போன பிறகு ஆள் நடமாட்டமும் குறைச்சல். பனி மூட்டம் இறங்கினால் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். குரல் கேட்கிற பக்கம் போகாதீர்கள். மேலே சத்தம் திசை மாறும்" என்றார். பிறகு எங்கள் கரித்துண்டு வைத்த ரோல்ஸில் இரண்டை வாங்கிக்கொண்டு, நாய்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் தானே தின்றுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மரவீட்டில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். மறுநாள் விடிந்ததும் நானும் நேசனும் ஏறத் தொடங்கினோம். வாசலில் ஊன்றுகோலோடு நின்று வசந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சத்தியத்தை ஞாபகப்படுத்துகிற பார்வை.

கீழே பசுங்காடு. பாதி மலைக்கு மேல் எரிந்த காடு. சில வருஷங்களுக்கு முன் வந்த காட்டுத்தீயில் பட்ட மரங்கள், பட்டை உரிந்து, வெள்ளை வெளேரென்று வரிசை வரிசையாக நிற்கின்றன. காற்று அடித்தால் மரம் அசைய வேண்டுமில்லையா? இவை அசையவில்லை. இலை இல்லாததால் சத்தமும் இல்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை. பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். நேசன் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு வளைவில் அவர் முன்னால் போய் மறைந்துவிட்டார். "நேசன் அண்ணே! நேசன் அண்ணே!" என்று கத்தினேன்.

வேகமாகத் திரும்பி வந்தார். முகம் மாறியிருந்தது. "தங்கச்சி, காட்டுக்குள்ளை பேர் சொல்லிக் கூப்பிடாதேங்கோ. எங்கடை பக்கம் தேன் எடுக்கப் போற ஆக்கள் ஒருத்தரும் கூப்பிடமாட்டினம். 'கூ' எண்டு மட்டும் கூப்பிடுவினம். மற்ற ஆளும் 'கூ' எண்டு சொல்லவேணும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

"ஏன்?"

"கூப்பிடுறது ஆர் எண்டு தெரியாதெல்லோ."

"அட போங்கண்ணே! அது வன்னி. இது ஆஸ்திரேலியா. இங்க உள்ள பேய்க்குத் தமிழ் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வசந்தி சொன்ன ஊமைத்தனத்துக்குக் காரணம் இதுதானா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. படித்த மனுசர், ரயிலும் விமானமும் ஏறி வந்தவர், இன்னும் இப்படியா?

உச்சியில் ஒரு கற்குவியல். அவ்வளவுதான் எல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் புளியரையில் மாநில எல்லை என்றால் என்ன தடபுடல்! சோதனைச் சாவடி, கேரளா லாட்டரிச் சீட்டு, நேந்திரம்பழச் சிப்ஸ், லாரிக்காரர்களின் சண்டை. இங்கே ஒரு காலை இந்தப் பக்கம், ஒரு காலை அந்தப் பக்கம் வைத்து நின்றேன். இரண்டு மாநிலமும் ஒரே குளிர்தான். கற்குவியலில் உட்கார்ந்து மட்டன் ரோல்ஸைப் பிரித்தோம். கரித்துண்டு உடைந்து ரோல்ஸ் எல்லாம் கறுப்பாகியிருந்தது. சீ என்று அந்தக் கரியை எடுத்து விக்டோரியாப் பக்கம் வீசினேன். நேசன் அது விழுந்த பக்கத்தையே பார்த்தார்.

பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது விக்டோரியாப் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. முதலில் கீழே இருந்த வெள்ளை மரங்கள் போயின. பிறகு பாதை. நேசன் திடீரென்று எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். "என்னண்ணே?" என்றேன். உதட்டில் விரலை வைத்தார்.

அப்போதுதான் எனக்குக் கேட்டது.

"ஏட்டி கோமதி!"

வசந்தியின் குரல். அவளுக்கே உரிய அந்த இழுப்பு, 'ஏ'யில் ஏறி 'தி'யில் இறங்குகிற இழுப்பு. விடுதியில் குளிக்கிற இடத்திலிருந்து சோப்பு கேட்டுக் கூப்பிடுவாளே, அதே மாதிரி. எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. "வாரேன்ட்டி!" என்று சொல்லிக்கொண்டே எழுந்து நடந்துவிட்டேன். கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம் இறங்கிய பிறகுதான் உறைத்தது. கால் ஒடிந்தவள் மலை மேல் எப்படி வருவாள்? அப்படியே நின்றேன்.

திரும்பி ஏறினேன். கற்குவியல் இருந்தது. பிளாஸ்க் இருந்தது. நேசன் இல்லை.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று ஒழுங்காகச் சொல்ல எனக்கு வரவில்லை. கத்தினேன். "நேசன் அண்ணே! அண்ணே! நேசன்!" என் குரல் பஞ்சுக்குள் பேசுகிற மாதிரி வாயோடு நின்றது. ஒரு தடவை அதே "நேசன் அண்ணே" எனக்கு இடதுபக்கமிருந்து திரும்பி வந்தது. எதிரொலிதான் என்று சொல்லிக்கொண்டேன். பொழுது சாய்கிறது, குளிர் விரலைக் கடிக்கிறது, வசந்தியின் பிடி என் கையில் இன்னும் இருக்கிற மாதிரி இருந்தது. என்ன முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்பேன்? அழுகை வந்துவிட்டது. சங்கரன்கோவில் கோமதியம்மனைக் கூப்பிட்டு அழுதேன், வெட்கமில்லாமல் சத்தமாக.

மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஆரஞ்சு நிறச் சட்டை வந்தது. எழுபது வயதிருக்கும், ஒல்லியான வெள்ளைக்கார அம்மாள், முதுகில் பெரிய மூட்டை. பெயர் ஜேனட். உச்சிக்குக் கொஞ்சம் கீழே கூடாரம் போட இடம் தேடிக்கொண்டிருந்தாராம். என் அழுகையைக் கேட்டு வந்ததாகச் சொன்னார். என் இங்கிலீஷ் தடுமாற, கூட வந்தவரைக் காணோம், கூப்பிட்டால் பதிலே இல்லை என்றேன்.

"பெயரைச் சொல்லிக் கத்தினால் மூட்டத்தில் போகாது, கண்ணே. இந்த நாட்டின் பழைய முறை ஒன்று இருக்கிறது" என்றவர், இரண்டு கையையும் வாயருகே குவித்தார். "கூ... ஈ!"

அது முடிவதற்குள், ஒரு கல்லெறி தூரத்தில், நியூ சவுத் வேல்ஸ் பக்கத்துப் பாறைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "கூ!"

நேசன் பாறைக்கு அடியில் குந்தியிருந்தார். வலது கையால் வாயைப் பொத்தியிருந்தார். அவ்வளவு நேரமும் நான் கத்தியது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கோட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு? நான்தான் கூப்பிடுதேன்னு தெரியல? என் குரல் தெரியாதா?" என்று கத்தினேன்.

"உங்கடை குரல்தான் தங்கச்சி" என்றார் மெதுவாக. "ஆனா அதுக்கு முதலே உங்கடை குரல் கூப்பிட்டது. நீங்கள் எனக்கு முன்னாலை இருந்து தேத்தண்ணி ஊத்துறியள். 'நேசன் அண்ணே' எண்டு நீங்களே பள்ளத்துக்குள்ளை நிண்டு கூப்பிடுறியள். பிறகு நீங்கள் எழும்பிப் போனியள். அதுக்குப் பிறகு கூப்பிட்டது எது நீங்கள், எது மற்றது எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

ஜேனட்டுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். கீழ்க்காட்டில் லயர் என்றொரு பறவை உண்டு, கேட்ட சத்தத்தையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும், மரம் அறுக்கிற ரம்பம் மாதிரிகூடக் கத்தும். நான் காலையில் பாதையில் கத்தியதை அது பிடித்திருக்கலாம். நல்ல விளக்கம்தான். பூகோள டீச்சருக்கு அது போதும். ஆனால் வசந்தி அந்த மலையில் கால் வைத்ததே இல்லை. "ஏட்டி கோமதி" என்பதை அந்தப் பறவை யாரிடம் கேட்டது என்று நான் ஜேனட்டிடம் கேட்கவில்லை.

இறங்கும்போது அந்த அம்மாள் பாதி வழி துணைக்கு வந்தார். பசுங்காட்டில் மூட்டம் விலகியிருந்தது. அதுவரை நானும் நேசனும் அந்த அம்மாளின் முதுகுப் பையின் வாரை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

மரவீட்டு விளக்கு தெரிந்தது. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். கதவு திறந்தே கிடந்தது. வசந்தி நாற்காலியில் உட்கார்ந்து, எங்களைக் கண்டதும் அழவில்லை, சிரிக்கவில்லை, வைதாள்.

"ஏ சவமே, என்னட்டி விளையாட்டு இது? மத்தியானம் வாசல்ல வந்து 'ஏட்டி வசந்தி'ன்னு கூப்பிட்டே. 'இருட்டி, வாரேன்'னு நான் இந்தக் கட்டையையும் ஊனிக்கிட்டு நொண்டி நொண்டி வந்து திறந்தா ஒரு ஆளையும் காணோம். அங்கிட்டு நின்னு சிரிக்கிய போலுக்குன்னு எவ்வளவு நேரம் வாசல்லயே நின்னேன் தெரியுமா? எங்க போய் ஒளிஞ்சிய ரெண்டு பேரும்?"

நான் நேசனைப் பார்த்தேன். அவர் முதலில் கதவைச் சாத்தினார். தாழ் போட்டார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். "ரெண்டு பேரும் பதில் சொன்னியளோ?"

நானும் வசந்தியும் மெதுவாகத் தலையாட்டினோம்.

இத்தனை வருஷமாக வசந்திக்கே சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொன்னார். சண்டைக் காலத்தில் அவரும் அவருடைய அண்ணனும் காட்டு வழியாக நடந்திருக்கிறார்கள். ஒரு மாலை, புதருக்குள்ளிருந்து அண்ணனின் பெயரைச் சொல்லி ஒரு குரல். "அம்மாவின்ரை குரல். அம்மா அப்ப முகாமிலை, அங்கை வர ஏலாது. எனக்கும் கேட்டது. நான் அவரின்ரை கையைப் பிடிச்சனான். அண்ணை 'ஓம் அம்மா, வாறன்' எண்டு சொல்லிப்போட்டுக் கையை உதறிக்கொண்டு போனவர்." கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆர் கூப்பிட்டது எண்டு எனக்குத் தெரியேல்லை. மனுசரோ மற்றதோ தெரியேல்லை. இண்டைக்கும் தேடுறம்."

வசந்தி நொண்டிக்கொண்டே போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஊமை என்று அவளும் நானும் பேசிய பேச்சை நினைத்து எனக்கு நெஞ்சு சுட்டது. மறுநாள் கிரவீன் திரும்பும் வரை காரில் யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை. "இஞ்ச", "அங்க", "இந்தா" என்றே பேசிக்கொண்டோம்.

வசந்தியின் மாவுக்கட்டை வெட்டிய பிறகு ஊருக்கு வந்துவிட்டேன். அவள் இப்போது நன்றாக நடக்கிறாள். கதவில் மணி வைத்துவிட்டாளாம், யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

எனக்கு அந்த வசதி இல்லை. தென்காசியில் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எந்தக் காரியம் நடக்கும்? கீரைக்காரி கூப்பிடுவாள், எதிர்வீட்டு மாரியம்மா கூப்பிடுவாள். நான் முகத்தைப் பார்க்காமல் வாய் திறப்பதில்லை. டீச்சருக்குக் காது போய்விட்டது என்று தெருவில் பேச்சு. போகட்டும்.

போன வாரம், நல்ல வெயில் நேரம். அடுக்களையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கொல்லைப்புறத்திலிருந்து, மலைப் பக்கமாக, "ஏட்டி கோமதி" என்று கேட்டது. அந்த இழுப்பு. என்னை 'ஏட்டி' என்று கூப்பிட இந்த ஊரில் இப்போது யாரும் இல்லை. வசந்தி இருப்பது கிரவீனில்.

கத்தியைக் கீழே வைத்தேன். பதில் சொல்லவில்லை. கொல்லைக் கதவருகே போய், திறக்காமல், இரண்டு கையையும் குவித்து நேசன் சொன்ன மாதிரி "கூ" என்றேன். மனுசர் என்றால் 'கூ' என்று திருப்பிச் சொல்ல வேண்டும்.

திருப்பி 'கூ' வரவில்லை. பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம், மிகவும் பக்கத்தில், வருத்தமாகக் கேட்டது.

"வாரேன்னு சொன்னியேட்டி."